கட்டிப்போட்ட வண்டியில் பயணம் போன வீதி

நான்கு பட்டைகளால் தரையோடு இறுக்கிக் கட்டப்பட்ட ஒரு வெள்ளைக் கார், இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் அசையாமல் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயம்புத்தூரில் ஒண்டிப்புதூரை ஒட்டியிருந்த மயிலம்மாள் மில் வீதி, தன் மாடிவீடுகளோடும் ஓட்டு வீடுகளோடும், தெருக்குழாயோடும் நாய்களோடும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளோடும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறிக்குழம்போடும் கிளம்பி, வடக்கே கொஞ்ச தூரம் போய், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நின்றது. குழம்பு சிந்தவில்லை. வழியிலிருந்த மற்ற வீதிகள், பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது நிற்கிறவர்கள் ஒதுங்குவது போல ஒதுங்கி வழிவிட்டன. காலியான இடத்தைப் பக்கத்து வீதிகள் இரண்டும் ஆளுக்குப் பாதியாக நகர்ந்து நிரப்பிக்கொண்டன.

கார் நின்றிருந்த இடம் வீதியின் நடுவிலிருந்த கோகிலவாணியின் ஒர்க்‌ஷாப். பந்தயத்துக்குப் போகிற கார்களின் இன்ஜினை டியூன் செய்து கொடுப்பது அவள் தொழில். தரையில் குழி வெட்டி இரண்டு இரும்பு உருளைகளைப் பதித்து, அவற்றின்மேல் காரின் சக்கரங்களை ஏற்றி, கார் ஓடிவிடாமல் பட்டை போட்டுக் கட்டி, முழு வேகத்தில் முடுக்கி, எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று என்று அளந்து அளந்து சரிசெய்வாள். அன்றைக்கு அவள் ஏதோ ஒரு புள்ளியில் அளவை மிகச் சரியாக வைத்துவிட்டாள். வேகம் என்று ஒன்று பிறந்துவிட்டால் அது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், காரைக் கட்டிப்போட்டார்கள், அதனால் வீதி போயிற்று, இதில் என்ன பெரிய அதிசயம் என்று வீதிக்காரர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். உடைந்துபோன ஒரு சாக்கடை மூடியை மாற்றித் தரச் சொல்லிப் பல வருஷம் மனுக் கொடுத்தவர்கள் அவர்கள். உலகத்தில் நடக்கவே நடக்காது என்று அவர்கள் நம்பியது அந்த மூடி மாறுவதை மட்டும்தான்.

பால்காரர் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அடுத்த முறை போவதாக இருந்தால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தபால்காரர் கோபித்துக்கொண்டு, பிறகு பழகிக்கொண்டார். கரண்ட் கம்பிகள் கூடவே வந்துவிட்டன, பில்லும் தவறாமல் வந்தது. தண்ணீர் புது இடத்திலும் பத்து நாளைக்கு ஒரு முறைதான் விட்டார்கள், அதில் எல்லோருக்கும் மனவருத்தம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிற சொந்தக்காரர்கள் வழி தெரியாமல் திரும்பிப்போனதில் பல வீடுகளில் சந்தோஷம். கல்யாணப் பத்திரிகைகளில், ‘மயிலம்மாள் மில் வீதி, அன்றைய தேதியில் நிற்கும் இடம்’ என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். நில புரோக்கர்கள் மட்டும் ஒரு வாரம் தூங்கவில்லை. மனை அப்படியே இருக்க ஊர் அதை நோக்கி வளர்ந்து வருவதைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள், மனையே எழுந்து ஊரைத் தேடிப் போவது அவர்கள் தொழிலுக்கே புதிது.

வீதியின் வட கோடியில், முதல் வீட்டில், மருதாசலம் இருந்தார். முன்பு லாரிகள் வைத்து ஓட்டியவர், இப்போது குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், கோகிலவாணியின் அப்பா. தென் கோடியில் பழைய மில் கட்டிக்கொடுத்த லைன் வீடுகள், ஒரே சுவரில் கோத்த சின்னச் சின்ன வீடுகள், அவற்றில் தெருக் கூட்டுகிறவர்களும் சாக்கடை அள்ளுகிறவர்களும் இருந்தார்கள். அந்த லைனின் முதல் வீட்டு ஜெயபாலை, தண்ணீர் லாரி ஓட்டுகிறவனை, கோகிலவாணி ஆறு வருஷத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிபோனாள். அன்றிலிருந்து மருதாசலம் தனக்கு ஒரே பிள்ளைதான், அவனும் மெல்போர்னில் இருக்கிறான் என்று சொல்லிவந்தார். வேறு எந்த வார்த்தையும் அவர் சொல்லவில்லை. அந்த வீதியில் படித்தவர்கள் அதிகம், அந்த மாதிரி வார்த்தைகளை அவர்கள் வாயால் சொல்வதில்லை.

ஆனால் மெல்போர்னில் இருந்த பிள்ளை, போகும்போது தன் வெள்ளைக் காரை விட்டுவிட்டுப் போயிருந்தான். பந்தயத்துக்கென்று ஆசை ஆசையாய் மாற்றிக் கட்டிய வண்டி, சும்மா நின்றால் கெட்டுப்போகும். எனவே மாதம் ஒரு முறை மருதாசலம் அதை ஓட்டிக்கொண்டு போய் மகளின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துவார், இறங்குவார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காரின் பானெட்டைப் பார்த்துப் பேசுவார்.

“வண்டி, ஸ்டார்ட்டிங்ல கொஞ்சம் இருமறியே. என்னான்னு பாக்கச் சொல்லு.”

கோகிலவாணியும் பானெட்டைப் பார்த்தே பதில் சொல்வாள். “பிளக்கு கரி புடிச்சிருக்குது. ரெண்டு நாள் ஆகும்னு சொல்லு வண்டி.”

இப்படி அப்பாவும் மகளும் ஆறு வருஷம் ஒரு காரின் வழியாகக் குடும்பம் நடத்தினார்கள். அம்மா செத்த செய்தியைக்கூட அவர் அந்தக் காரிடம்தான் வந்து சொன்னார். அவளும் காரின்மேல் சாய்ந்துகொண்டு அழுதாள். அவர் அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீதி நகர்ந்த அடுத்த வாரமே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. பொருளாளர் வரதராஜுலு, பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நகர்வது என்றாகிவிட்ட பிறகு உருப்படியான இடத்துக்கு நகர்வதுதான் முறை என்றார். டாக்டருக்குப் பக்கத்தில் என்றார் சர்க்கரைக்காரர் ஒருவர், இன்ஜினியரிங் காலேஜ் பக்கம் என்றார் பெண் பிள்ளை வைத்திருந்தவர். கடைசியில் அவினாசி ரோடு என்று எல்லோரும் ஒன்றானார்கள். ஏர்போர்ட், மால், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான் இருந்தன, அங்கே வீடு வைத்திருக்கிறவர்களின் பேச்சில் இருந்த அலட்சியமும் அங்கேதான் கிடைத்தது. காரின் மூக்கு தெற்கே இருந்தால் வீதி வடக்கே போகிறது என்பதையும், அவினாசி ரோடு வடக்கே என்பதையும் கண்டுபிடித்து, முன்னேறுவதற்காகக் காரைப் பின்பக்கம் பார்த்து நிறுத்துவது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கைக் காட்டுகிற மீட்டர் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. புகைக்குழாய்க்குள் செருகிய ஒரு சென்சார், எரிந்து வருகிற புகையை முகர்ந்து பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று நம்பராகச் சொல்லும். பன்னிரண்டரை என்றால் பெட்ரோல் தாராளம், அதை ரிச் என்பார்கள். பதினாலு, பதினாலரை என்று ஏற ஏறக் காற்று கூடிப் பெட்ரோல் சுருங்கும், அது லீன். எந்த நம்பரில் ஓட்டுவது என்பதை மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறவரே முடிவு செய்வார், அந்த நாற்காலி வீதியின் முதல் வீட்டுக்கு உரியது, இது எக்காலத்துக்கும் செல்லும் என்று வரதராஜுலு சொல்லச் சொல்ல எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வீடு மருதாசலத்தின் வீடு. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வண்டி, இந்தப் பன்னெண்டரை எதுக்கு? புகை பூராம் கரியா வருது. செடியெல்லாம் கறுத்துப்போச்சுன்னு ஜனங்க சொல்றாங்க. கொஞ்சம் லீன் பண்ணச் சொல்லு,” என்றார்.

லீன் செய்தால் சக்தி கூடும், ஓர் அளவு வரை. கோகிலவாணிக்கு அது தெரியும், தன் கைத்திறமையைக் காட்டுவதில் அவளுக்கு ஆசையும் அதிகம். அதைவிட, அப்பா ஒர்க்‌ஷாப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் டீ வாங்கி வந்து பானெட்டின்மேல் வைப்பாள், அவர் பானெட்டிலிருந்து எடுத்துக் குடிப்பார். அந்த ஒரு தம்ளர் டீக்காக அவள் நம்பரை ஏற்றினாள். அவளை நல்லவள் என்று காட்ட நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை.

வீதி விருட்டென்று கிளம்பியது. முன்பு போனதைவிட இரண்டு பங்கு தூரம், பாதிப் பெட்ரோல். வரதராஜுலு கை தட்டினார். நின்ற பிறகு பார்த்தால் லைனின் கடைசி வீட்டைக் காணவில்லை. அது கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலேயே தனியாக நின்றுவிட்டிருந்தது. ரிச்சாக ஓடினால் வீதி மெதுவாக, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகும். லீனாக ஓடினால் வேகமாகப் போகும், வால் அறுந்துவிடும். அந்த வீடு ராஜாமணியினுடையது, வீதியைத் தினமும் கூட்டுகிறவள். அவள் மறுநாள் காலை இரண்டு பஸ் மாறி, கையில் விளக்குமாறோடு வந்து சேர்ந்தாள்.

“எங்க ஊட்ட மட்டும் உட்டுப்போட்டு வந்துட்டீங்ளே,” என்று மருதாசலத்தின் வாசலில் நின்று கேட்டாள்.

“நாங்க எங்க உட்டோம்? மீட்டர் அப்பிடிக் காட்டுது, ராஜாமணி. இது டெக்னிக்கல் சமாச்சாரம், உனக்குப் புரியாது. சரி, அந்த மூலைல குப்பை கெடக்குது பாரு,” என்றார் மருதாசலம்.

ராஜாமணி வேலைக்கு வந்துவிட்டதால் வீதிக்கு மனம் லேசாகிவிட்டது. வேலைக்கு வருகிறாள், குப்பை எடுக்கப்படுகிறது, அப்புறம் வீடு எங்கே இருந்தால் என்ன. அடுத்த ஞாயிறு நம்பர் இன்னும் கொஞ்சம் ஏறியது, லைனில் இன்னும் இரண்டு வீடுகள் ரயில் தண்டவாளத்து ஓரத்தில் நின்றுபோயின. அதற்கடுத்த ஞாயிறு மேலும் சில வீடுகள் ஒரு சிமெண்ட் குடோனுக்கு எதிரே. எந்தக் கூட்டத்திலும் எவரும், அவர்கள் நமக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பரைப் பற்றித்தான் பேசினார்கள். மெல்லிய கலவையே நாட்டுக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது, சிக்கனம் ஒரு பண்பு என்றெல்லாம் வரதராஜுலு ஒரு கட்டுரையே வாசித்தார். வாசிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது.

இப்போது லைனில் மிஞ்சியது ஒரே வீடு. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் ஜெயபால் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

“நாம லைன்ல மொதல் ஊடு. இப்ப வீதிக்கே கடைசி ஊடு. பிரமோசன்தான் கோகி.”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்காம? உங்கொப்பன் அங்க உக்காந்து நம்பர் சொல்றாரு, நீ இங்க ஓட்டற. அடுத்த வாரம் நான் இங்கயே நின்னுபோயிருப்பேன். நீ ஒர்க்‌ஷாப்புல இருப்ப. சாயங்காலம் எந்த பஸ் புடிச்சு என்ற ஊட்டுக்கு வருவ?”

அவள் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷமாக அவளுக்கு அப்பா வேண்டும், ஜெயபாலும் வேண்டும் என்றே இருந்தது, இரண்டும் கிடைக்கும் என்று அந்தக் காரை நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது கார்தான் இரண்டில் ஒன்றைக் கேட்டது.

வெள்ளிக்கிழமை மருதாசலம் வந்தார். அவினாசி ரோட்டுக்கு இன்னும் ஒரே தாவல்தான் பாக்கி, மாலுக்கு நேர் எதிரே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பதினாலரையில் ஓட்டுவது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. அவர் வெகுநேரம் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

“பதினாலரைக்கு ஏத்தினா இன்ஜின் உருகிப்போகும். பிஸ்டன்ல ஓட்டை உழுகும்னு சொல்லு வண்டி,” என்றாள் கோகிலவாணி.

“ஒரு தடவ தானே, தாங்கும்னு சொல்லு. அப்பறம் வண்டி,” அவர் தொண்டையைச் செருமினார், “நம்ம ஊட்டு மாடி போர்சன் காலியாத்தான் கெடக்குது. வெள்ளையடிச்சு வெச்சிருக்குது. ஒரு ஆளு தாராளமா இருக்கலாம்.”

அவள் காத்திருந்தாள். இன்னொரு வார்த்தை வரும், இரண்டு ஆள் என்று வரும், வாய் தவறியாவது வரும் என்று ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அவள் அன்று பானெட்டை அறைந்தாள், உள்ளங்கை சிவக்கும் அளவுக்கு. அந்தக் கார் என்ன பாவம் செய்தது, ஆறு வருஷமாக இரண்டு பேருடைய கோழைத்தனத்தையும் சுமந்துகொண்டு நின்றதைத் தவிர.

சனிக்கிழமை அவள் காருக்கு அடியில் படுத்து, இன்ஜினிலிருந்து வருகிற புகைக்குழாய் சேருகிற இடத்தில், சென்சாருக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு போல்ட்டுகளை ஒரு சுற்று தளர்த்தினாள். அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகும், புகையோடு கலக்கும், சென்சார் அதை முகர்ந்துவிட்டு, அடடா எவ்வளவு காற்று என்று ஏமாந்துபோகும். இன்ஜின் பெட்ரோலில் குளித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் பதினாலரை என்றே சொல்லும். டியூனிங் பழகுகிறவர்கள் முதல் வருஷத்தில் தெரியாமல் செய்கிற தப்பு இது. மீட்டரை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அவளும் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது தெரிந்தே செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கூடியது. கார் மூக்கை வடக்கே நீட்டிக்கொண்டு நின்றிருந்தது.

“என்னம்மா, திருப்பி நிறுத்தியிருக்கே?” என்று வரதராஜுலு கேட்டார்.

“வடக்கால இருந்து காத்து நல்லாக் குளுந்து வருதுங்க சார். மூக்கு அந்தப் பக்கம் இருந்தா இன்னும் லீனா ஓட்டலாங்க.”

“கரெக்ட். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம்,” என்று வரதராஜுலு மற்றவர்களுக்கு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மூக்கு எந்தப் பக்கமோ வீதி அதற்கு எதிர்ப்பக்கம் என்று தீர்மானம் போட்டவர்களே அவர்கள்தான். ஆனால் லீன் என்ற சொல்லைக் கேட்டுவிட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் காதில் விழாது.

இன்ஜின் வேகமெடுத்தது, உருளைகள் ஊளையிட்டன, வீதி கிளம்பியது, மீட்டர் பதினாலரையைத் தொட்டு அங்கேயே நின்றது, சங்கம் மீட்டரைப் பார்த்தது. ஒருவராவது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் மால் இருக்கிற திசை பின்னால் பின்னால் போவதைப் பார்த்திருக்கலாம். ஒருவரும் திரும்பவில்லை. நம்பர் சரியாக இருக்கும்போது வெளியே எதற்குப் பார்க்க வேண்டும். வீதி வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, தெற்கு நோக்கி, வந்த வழியே, கனத்த நடையில் போயிற்று.

மருதாசலத்தின் காதில் மட்டும் அந்தச் சத்தம் விழுந்தது. டிக் டிக் டிக் என்று, அடியிலிருந்து, புகை கசிகிற சத்தம். லாரியோடு நாற்பது வருஷம் வாழ்ந்த காது அது. அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“வண்டி, எங்கியோ டிக் டிக்னு அடிக்குதே. புகை லீக் மாதிரி இருக்குதே.”

கோகிலவாணி டியூன் செய்கிற கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், பானெட்டைப் பார்த்தும் சொல்லாமல், சத்தமாகச் சொன்னாள்: “லீக்குன்னா அவியளே என்றகிட்ட நேராக் கேக்கட்டும். கேட்டா நிறுத்தறேன்.”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், அம்மிணி, நிறுத்து என்று இரண்டு வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். ஆறு வருஷத்துக் கௌரவம் குறுக்கே வந்து நின்றது. மகளோடு பேசிவிட்டார் என்று நாளைக்கு வீதி பேசுமே, சொந்தக்காரன் பேசுவானே. அவர் வாயை மூடிக்கொண்டார், சாய்ந்து உட்கார்ந்தார். “மீட்டர் சரியாத்தானே காட்டுது, வண்டி,” என்று முனகினார்.

பெட்ரோல் கேன் மேல் கேனாகக் காலியாயிற்று. சிமெண்ட் குடோனைத் தாண்டும்போது விட்டுப்போன வீடுகள் வாலில் வந்து ஒட்டிக்கொண்டன, தண்டவாளத்தோரம் இரண்டு ஒட்டிக்கொண்டன, கல்யாண மண்டபத்தின் பின்னால் ராஜாமணியின் வீடு ஒட்டிக்கொண்டது. ராஜாமணி அப்போது கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள், அந்த மணம் வீதி முழுக்கப் பரவியது. லீனாக எரிந்தால் இப்படித்தான் ஒரு வாசனை வரும் என்று வரதராஜுலு சொன்னார். பழைய இடத்தையும் தாண்டி, இன்னும் தெற்கே போய், பெட்ரோல் தீர்ந்து, செட்டிபாளையம் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பை இடிக்காத குறையாக வால் நின்றது.

வெளியே வந்து பார்த்தவர்கள் பஸ் ஸ்டாப்பின் பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்தார்கள். பிறகு கூட்டம் கூட்டினார்கள். மீட்டர் பதினாலரை காட்டியது, எனவே தவறு மீட்டரில் இல்லை. காற்றின் திசை, பெட்ரோலின் தரம், இன்னும் ஆராயப்பட வேண்டிய காரணங்கள் என்று எழுதிக்கொண்டார்கள். டியூனிங் சிறப்பாக இருந்ததற்குக் கோகிலவாணிக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். அவள் அதை மடித்து, கை துடைக்க வைத்துக்கொண்டாள்.

தொல்லை திங்கட்கிழமைதான் ஆரம்பித்தது. வீட்டுக்கு நம்பர் போடுகிறவர் வந்தார். எல்லா ஊரிலும் போடுவது போல மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த ராஜாமணியின் கதவில் ஒன்று என்று எழுதினார். அப்படியே லைன், ஓட்டு வீடுகள், மாடிவீடுகள் என்று எழுதிக்கொண்டே போய், கடைசியாக, கள்ளிச்செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற மருதாசலத்தின் வீட்டில் வீதியின் கடைசி நம்பரை எழுதினார். முதல் வீட்டுக்கே நாற்காலி, இது எக்காலத்துக்கும் செல்லும் என்ற தீர்மானத்தை வரதராஜுலு தலைகீழாகப் பிடித்துக்கூடப் படித்துப் பார்த்தார். அதில் ஓர் ஓட்டையும் இல்லை. அவ்வளவு கவனமாக அவரேதான் எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிறு ராஜாமணி குளித்து, நல்ல சேலை கட்டி, வந்து மீட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். லைன்காரர்கள் சுற்றி நின்றார்கள். இன்னும் தெற்கே இருக்கிற வார்டு ஆபீஸில் விடியும் முன்னே போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் போய்விட்டால் பிழைப்பு சுலபம் என்று எல்லோரும் சேர்ந்து பேசி வைத்திருந்தார்கள். கோகிலவாணி போல்ட்டுகளை இறுக்கிவிட்டிருந்தாள், மீட்டர் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லும்.

“எந்த நம்பர்ல ஓட்டட்டுங்க்கா?” என்று கேட்டாள்.

“எனக்கென்னம்மிணி தெரியும். எப்பவும் எந்த நம்பர்ல ஓட்டுவீங்களோ அதுலயே ஓட்டு. பெட்ரோலு மிச்சமாகோணும்ல.”

ஜெயபால் ஒர்க்‌ஷாப் வாசலில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவனைத் தள்ளிக்கொண்டு மருதாசலம் உள்ளே வந்தார். நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத வேகத்தில் வந்தார், வேட்டி முனை தரையில் புரண்டது, நேரே காரைத் தாண்டி வந்து மகளின் முன்னால் நின்றார்.

“கோகிலா,” என்றார். “அம்மிணி, ரிச்சாவே ஓட்டு சாமி. பன்னெண்டரைலயே ஓட்டு. கடைசி ஊடு நம்முளுது.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷமாக அந்த வாயிலிருந்து தன் பெயரைக் கேட்க ஏங்கியிருந்தாள், வந்தேவிட்டது, ஆனால் வந்தது அந்த வீட்டுக்காக என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அழுதாள், அழுததற்காக அவள்மீதே அவளுக்குக் கோபம் வந்தது. பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரி ஒட்டிக்கொண்டது.

“என்ற கையில இல்லீங்ப்பா,” என்றாள். “நம்பர் சொல்றது நாற்காலில இருக்கறவங்க. அவங்களக் கேளுங்க.”

மருதாசலம் திரும்பினார். நாற்காலியில் ராஜாமணி மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு அவர் முப்பது வருஷமாகத் தினமும் பேசியிருக்கிறார், குப்பையைக் காட்டி, சாக்கடையைக் காட்டி, பேர் சொல்லி, இந்தா என்று, ஏ புள்ள என்று. எப்படிக் கூப்பிடுவது என்ற யோசனை அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது வந்தது. பேரைச் சொல்லலாமா என்று உதடு குவிந்தது, விரிந்தது. வரதராஜுலு தலையைக் குனிந்துகொண்டார். இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது, பானெட்டின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார் மருதாசலம், பிறகு அந்தக் கையையும் எடுத்துவிட்டார்.

“ஏனுங்க…” என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று ராஜாமணி தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.